எலுமிச்சம்பழ அளவில் இரண்டு தாய்மாமன்கள்

புதன்கிழமை காலை, பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தன் பேனர் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்ட தாட்சாயிணிக்குத் திரையில் ஒரு நற்செய்தி காத்திருந்தது. ‘நீங்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது உங்களை மேம்படுத்திவிட்டோம்.’

தன்னை மேம்படுத்தச் சொல்லி அவள் யாரிடமும் மனு கொடுத்திருக்கவில்லை. கொடுத்தது யாராக இருந்தாலும் இருக்கட்டும் என்று வேலையை ஆரம்பித்தாள். ஆரம்பித்த இரண்டாவது நிமிடம், மேலே வலது பக்கத்தில் பதினொரு வருடமாக இருந்துவந்த ‘சம வட்டம்’ என்கிற பொத்தானைக் காணவில்லை.

அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எதுவானாலும் மண்டப வாசலில் ஒரு பேனர் நிற்கும். அதில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகமும் வட்டம் வட்டமாக இருக்கும். எழுபது எண்பது முகங்கள். ஒருவர் பாஸ்போர்ட் போட்டோ கொடுத்திருப்பார், ஒருவர் செல்பி அனுப்பியிருப்பார், ஒருவர் திருப்பதியில் நாமத்தோடு எடுத்ததைத் தந்திருப்பார். எல்லா முகங்களையும் தேர்ந்தெடுத்துச் சம வட்டத்தை அமுக்கினால் அத்தனையும் ஒரே அளவு வட்டங்களாகி வரிசையில் நின்றுவிடும். பூந்தமல்லி முதல் ஆவடி வரை குடும்பங்கள் உடையாமல் இருப்பதற்குப் பெரியவர்களின் நல்ல மனசு காரணம் என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்தப் பொத்தான்தான் காரணம்.

தாட்சாயிணிக்கு அன்றைக்கு அது மற்ற நாளைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டு மண்டபத்தில் அவளுடைய சொந்த மகள் நிஷாவுக்குக் காதுகுத்து. நிஷாவுக்கு மூன்று வயது முடியப்போகிறது. இரண்டு தாய்மாமன்கள் இருந்தும் இதுவரை காது குத்தாததற்குக் காரணம், அந்த இரண்டு பேரும் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. மூத்தவர் ராஜசேகரன், இளையவர் தினேஷ். பாரிவாக்கத்தில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். ஒருவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் மற்றவர் எண்ணிக்கொண்டிருப்பார், ஆனால் பேச்சு கிடையாது.

சண்டைக்குக் காரணமும் தாட்சாயிணிதான். தினேஷ் புதுமனை புகுவிழா வைத்தபோது பத்திரிகையை அவள்தான் வடிவமைத்தாள். மேல் வரியில் இடம் போதவில்லை. ராஜசேகரன் என்பது நீளமான பெயர், தினேஷ் என்பது குட்டைப் பெயர். நீளமானதைக் கீழ் வரிக்குத் தள்ளினாள். அவ்வளவுதான். “எந்தம்பிக்குக் கீய நானா?” என்று கேட்ட ராஜசேகரன் அன்று பந்தியில் உட்காராமல் போனவர், இன்று வரை தம்பி வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. தான் தள்ளிய அந்த ஒரு வரியை நினைத்துத் தாட்சாயிணி அழாத பண்டிகை கிடையாது.

ஆறு மாதம் நடையாய் நடந்து இருவரையும் சம்மதிக்க வைத்திருந்தாள். இரண்டு காது, இரண்டு மாமன். வலது காதுக்கு ராஜசேகரன் மடி, இடது காதுக்குத் தினேஷ் மடி. சீர்த்தட்டு ஆளுக்கு இருபத்தொன்று. பேனரில் இரண்டு பேர் முகமும் ஒரே அளவு. இந்தக் கடைசி நிபந்தனையை இருவரும் தனித்தனியாக, ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள்.

“டேப்பு எடுத்துனு வருவேன் தாட்சா. ஒரு நூலு ஏறி எறங்கி இருந்துதுன்னு வையி, வாசல்லேயே திரும்பிடுவேன்.”

ஆகவே பொத்தானைத் தேடினாள். அது இருந்த இடத்தில் ‘மகிமை’ என்று தங்க நிறத்தில் ஒன்று மினுங்கியது. பக்கத்திலேயே விளக்கம்: ‘யார் முக்கியம் என்று இனி நீங்கள் யோசிக்க வேண்டாம். மகிமை யோசிக்கும்.’

எழுபத்திரண்டு முகங்களையும் ஏற்றினாள். மகிமை யோசித்தது. ராஜசேகரன் தேங்காய் அளவில் வந்தார், தினேஷ் எலுமிச்சம்பழ அளவில் வந்தார். நடுவில் பூசணிக்காய் அளவில் வந்தது அவள் கணவன் மனோகரனோடு பாடி தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் பலாப்பழத்தோடு எடுத்துக்கொண்ட படம். அதிலும் அவரை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் பலாப்பழத்தை மையமாக வைத்திருந்தது.

தினேஷ் முகத்தை மவுசால் பிடித்துப் பெரிதாக்கினாள். விட்டதும் சுருங்கியது. மறுபடி இழுத்தாள், மறுபடி சுருங்கியது. மூன்றாவது தடவை ஒரு செய்தி வந்தது. ‘தவறுதலாக இழுத்துவிட்டீர்கள். சரிசெய்துவிட்டோம். நன்றி சொல்லத் தேவையில்லை.’

வேறு ஏதாவதில் செய்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் கேட்டுக்கொண்டாள். ஆனால் இந்த மென்பொருளுக்கு ரங்கசிருஷ்டி என்று பெயர் வைத்த கம்பெனி, பேனர் அச்சடிக்கும் மிஷின்காரர்களோடு என்ன பேசி வைத்ததோ, பாடியில் யூசுப் பாயின் மிஷின் ரங்கசிருஷ்டிக் கோப்பைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் துப்பிவிடும். மற்ற மிஷின்களும் அப்படியே. உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டாள். ‘எனக்குச் சம வட்டம் தேவைப்பட்டதே இல்லை, உங்களுக்கு மட்டும் எதற்கு?’ என்று யாரோ பதில் போட்டிருந்தார். அந்தப் பதிலைத் தீர்வு என்று குறித்து, பச்சை டிக் அடித்துக் கேள்வியை மூடிவிட்டார்கள்.

ஆனால் ரங்கசிருஷ்டியின் தலைமை அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில்தான் இருந்தது. எங்கோ அமெரிக்காவில் இருந்திருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பாள். பஸ் போகிற தூரத்தில் இருக்கிறவனிடம் கேட்காமல் எப்படி விடுவது? வியாழக்கிழமை காலை கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, வரும் வழியில் யாருக்காவது கொடுக்கலாம் என்று மீதிப் பத்திரிகைகளையும் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

கண்ணாடிக் கட்டடம். வாசலில் காவலர் ஒரு டேப்லெட்டை நீட்டி, வந்த காரணத்தை அமுக்கச் சொன்னார். அதில் மூன்று காரணங்கள்தான் இருந்தன. பாராட்டு, நன்றி, வியப்பு.

“அண்ணா, புகார்னு ஒண்ணும் இல்லியே?”

“அத போன மாசமே தூக்ட்டாங்கம்மா. யாரும் அமுக்கறதில்லையாம்.”

“நெசமாவே யாரும் அமுக்கலியா?”

“அமுக்கனவங்கள நாங்க உள்ள வுட்டாத்தான கணக்குல வரும்,” என்றார் காவலர், ஒளிவுமறைவில்லாமல். “நீ வியப்புன்னு போட்டுக்கோம்மா. பாத்தா வியந்துனு வந்தவ மாறிதான் கீற.”

கழுத்தில் ‘வியப்பு’ என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவைச் சேர்ந்த ரேஷ்மா என்ற பெண் ஓடி வந்து வரவேற்றாள்.

“வாங்க மேம். எதைப் பாத்து வியந்தீங்க?”

“சம வட்டம்னு ஒரு பட்டன் இருந்துது. காணம். அத்தப் பாத்துதான்.”

ரேஷ்மாவின் முகம் கனிந்தது. “கரெக்டான நேரத்துக்கு வந்திருக்கீங்க மேம். அதுக்குத்தான் உள்ள இப்ப வழியனுப்பு விழா நடந்துட்டிருக்கு.”

உள்ளே பெரிய கூடம். ஒரே மாதிரி பனியன் போட்ட இருநூறு பேர் தலைகுனிந்து நின்றார்கள். மேடையில் சம வட்டப் பொத்தானின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ரோஜா மாலை சாத்தி, முன்னால் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். சுவரில் வரிசையாக இதற்கு முன் ஓய்வு பெற்ற வசதிகளின் படங்கள். நேர்கோடு வரைவது. எழுத்தைச் சாய்ப்பது. செய்த தவறை அழிப்பது. ஒவ்வொன்றின் கீழும் பிறந்த தேதியும் போன தேதியும் எழுதியிருந்தது.

“மாசத்துக்கு ரெண்டு ரிட்டயர் பண்றோம் மேம்,” என்று ரேஷ்மா காதில் சொன்னாள். “அதோ, முன்வரிசைல கண்ணத் துடைச்சிக்கிறார் பாருங்க, அவர்தான் இந்த பட்டன எழுதினவர். எழுதினப்ப ஒரு அவார்டு கிடைச்சுது. எடுத்ததுக்கு நேத்து அதவிடப் பெரிய அவார்டு.”

எளிமைப் பிரிவின் தலைமை அதிகாரி ஸ்ரீகாந்த் மேடை ஏறினார். நாற்பது வயதுக்குள் இருக்கும். அழகான தாடி. குரலில் துக்கமும் பெருமையும் பாதிப்பாதி.

“நண்பர்களே, பதினொரு வருடமாக சம வட்டம் நம்மோடு இருந்தது. அதைப் பற்றி இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. குறையே இல்லாத ஒன்றை மேலும் எப்படி மேம்படுத்த முடியும்? எங்கள் குழு எட்டு மாதம் யோசித்தது. எடுத்துவிடுவதுதான் ஒரே வழி என்று புரிந்தது.”

கைதட்டினார்கள்.

“நம் பயனர்களில் நூற்றுக்கு நான்கு பேர்தான் இதை உபயோகித்தார்கள். யார் அந்த நான்கு பேர் என்று ஆராய்ந்தோம். தினமும் எட்டு மணி நேரம் நம் கருவியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். மீதி தொண்ணூற்றாறு பேர் ஒரே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடியவர்கள். மூடியவர்களைத் திரும்பக் கூட்டி வர வேண்டும். இருக்கிறவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்? அச்சு மிஷின் நம் கையில் இருக்கிறது.”

இந்தத் தடவை எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு நிமிட மௌனம் அனுஷ்டித்தார்கள். பிறகு பொத்தான் வடிவத்தில் இருந்த கேக்கை வெட்டினார்கள். தாட்சாயிணிக்கும் ஒரு துண்டு கிடைத்தது. பசி நேரம், சாப்பிட்டாள்.

ரேஷ்மா அவளை ஸ்ரீகாந்திடம் அழைத்துப் போனாள். தாட்சாயிணி தன் அண்ணன்கள், நாலு வருடம், ஒரு நூல் வித்தியாசம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மிகுந்த கவனத்தோடு தலையாட்டினார். இப்படி யாராவது கேட்டால் எத்தனை விநாடிக்கு ஒரு தடவை தலையாட்ட வேண்டும் என்று பயிற்சி எடுத்திருப்பார் போலிருந்தது.

“உங்க வலி எனக்குப் புரியுது மேடம். ஆனா யோசிச்சுப் பாருங்க. எல்லா முகமும் ஒரே சைஸ்னா பாக்கறவங்க யாரை மதிக்கறது?”

“எல்லாரையும் மதிக்கறதுக்குத்தான் சார் பேனரு.”

“அது பழைய யூசர் மனநிலை. உங்களுக்கு என்ன வேணும்னு உங்ககிட்ட கேட்டா, உங்களுக்கு வேணுங்கறதையே சொல்றீங்க. அதனாலதான் நாங்க கேக்கறதில்ல. பென்டிரைவ் இருக்கா? குடுங்க, மகிமை என்ன பண்ணுதுன்னு நானே காட்டறேன்.”

தன் கணக்கில் நுழைந்து அவளுடைய கோப்பைத் திறந்தார். அவருடைய கணக்கு என்பதால் அவர் படமும் தானாக உள்ளே வந்து சேர்ந்துகொண்டது. எழுபத்து மூன்று முகங்கள். மகிமையை அமுக்கினார். மகிமை இந்த முறை யோசிக்கவே இல்லை. ஸ்ரீகாந்தின் முகம் நட்டநடுவில் ஏழடி உயரத்துக்கு எழுந்தது. தாடியும் புன்னகையுமாக பேனர் முழுவதும் அவரே இருந்தார். ஓரத்தைச் சுற்றி, கோலத்துப் புள்ளிபோல எழுபத்திரண்டு முகங்கள்.

ஸ்ரீகாந்த் கொஞ்ச நேரம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் எதுவும் செய்யல மேடம். அதுவாத்தான் கண்டுபிடிச்சிருக்கு.”

“சார், இது எங்கூட்டுக் காதுகுத்து.”

“கம்பெனிக்காரங்க யாராவது படத்துல இருந்தா அவங்களுக்கு முன்னுரிமை குடுக்கணும்னு ஒரு சின்ன விதி வச்சிருக்கோம். சோதனைக்குத்தான். வேற யாரும் இத்தன நாள் கவனிக்கல.”

“என் கோப்ப பழையபடி பண்ணிக் குடுங்க சார்.”

அவர் சுவரில் இருந்த படங்களைக் கையால் காட்டினார். செய்த தவறை அழிக்கும் வசதி, போன தை மாதம் ஓய்வு பெற்றிருந்தது.

பழைய கோப்பு இனி கிடைக்காது என்று தாட்சாயிணிக்குப் புரிந்தது. இருந்தாலும் பதினொரு வருடத் தொழில் பழக்கம். கை தானாகத் திரையில் இருந்த அளவுகோலை இழுத்து ராஜசேகரன் மேல் வைத்தது. மூன்று அங்குலம். தினேஷ் மேல் வைத்தாள். மூன்று அங்குலம். மறுபடி வைத்துப் பார்த்தாள். ஒரு நூல்கூட ஏறி இறங்கவில்லை. ஸ்ரீகாந்த் ஒருவர் முக்கியமான பிறகு மகிமைக்கு மற்ற எல்லோரும் ஒன்றுதான்.

நிபந்தனை என்ன? இரண்டு பேரும் ஒரே அளவு. இருக்கிறார்கள். எவ்வளவு பெரிசு என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. இதையே அச்சுக்குக் கொடுப்பது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். பேனரில் முகத்தைப் போட்டுவிட்டு அழைக்காமல் விடுவது பாரிவாக்கத்தில் கிடையாது.

“படத்துல கீறீங்க சார். கண்டிப்பா வரணும்.”

ஸ்ரீகாந்த் மகிழ்ந்துபோனார். எளிய மக்கள் வாழ்க்கையில் மகிமை ஏற்படுத்திய மாற்றத்தைப் படம் எடுக்க அவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சனிக்கிழமை பாடியில் மிஷினிலிருந்து பேனர் மெதுவாக இறங்க இறங்க, யூசுப் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “யாரு தங்கச்சி இவரு? எலக்சன்ல நிக்கறாரா?”

“இல்ல பாய். நிஷா காதுகுத்துக்கு வர்றாரு.”

யூசுப் பாய் பேனரைச் சுருட்ட ஆரம்பித்தார். மகிமை வந்த இந்த நான்கு நாளில், இப்படி நடுவில் ஒன்று மட்டும் வீங்கி நின்ற பேனர் அவருக்கு இது நான்காவது.

ஞாயிறு காலை மாங்காட்டில் ராஜசேகரன் கிழக்கிலிருந்தும் தினேஷ் மேற்கிலிருந்தும் மண்டபத்துக்கு வந்தார்கள். இருவர் பின்னாலும் இருபத்தொரு தட்டு. இருவர் சட்டைப்பையிலும் டேப். பேனருக்கு முன்னால் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து, தங்களைத் தேடினார்கள். கிடைத்ததும் அளந்தார்கள். ஒருவர் அளந்த அளவை அடுத்தவரும் அளந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. தாட்சாயிணி வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றாள்.

“தாட்சா, நடுவுல யாரு?” என்றார் ராஜசேகரன்.

“இத்தயேதான் நானும் கேக்கறேன்னு அவராண்ட சொல்லு,” என்றார் தினேஷ், சுவரைப் பார்த்து.

அவள் பதில் சொல்வதற்குள் கார் வந்து நின்றது. கேமராக்காரரோடு ஸ்ரீகாந்த் இறங்கினார். வாசலில் இருந்த கூட்டம் ஒரு தடவை பேனரைப் பார்த்தது, ஒரு தடவை அவரைப் பார்த்தது. இத்தனை பெரிய முகம் தாய்மாமனுக்கு அல்லாமல் வேறு யாருக்கு இருக்க முடியும்? நாதஸ்வரம் எழுந்தது. பெண்கள் ஆரத்தி சுற்றினார்கள். மாலை விழுந்தது. மனோகரனின் அத்தை சாவித்திரி முன்னால் வந்து, “சீரு எங்கப்பா? பெரிய சீரு மொதல்ல வந்தாத்தான் மத்த தட்ட உள்ள எடுக்க முடியும்,” என்றாள்.

ஸ்ரீகாந்த் துணிப்பையிலிருந்து கம்பெனி பெயர் போட்ட காபிக் குவளை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சாவித்திரி அதைத் தட்டில் வைத்து, நடுவில் ஒரு வெற்றிலையைச் செருகி, ஊர்வலத்தின் முன்னால் தூக்கிக்கொண்டு நடந்தாள். அதன் பின்னால் நாற்பத்திரண்டு தட்டுகள் போயின.

மணையில் காது குத்தும் பத்தர் ஊசியும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தார். “நேரமாவுது. தாய்மாமன் யாரு?” என்றார். அத்தனை பேரும் வாசலில் இருந்த பேனரைக் காட்டினார்கள். ஸ்ரீகாந்தைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர் கேமராவைப் பார்த்து, “பாருங்க, இதைத்தான் மகிமைனு சொல்றோம். குடும்பத்துல யார் முக்கியம்னு குடும்பத்துக்கே தெரியாதப்ப…” என்று ஆரம்பித்தபோது நிஷாவை அவர் மடியில் வைத்தார்கள்.

நிஷா அந்தத் தாடியை அண்ணாந்து பார்த்தாள். வாசலில் இருந்த அதே முகம், அதே புன்னகை, ஒரு முழ தூரத்தில். வீறிட்டுக் கத்தினாள். கத்திக்கொண்டே அவருடைய வெள்ளைப் பேண்ட்டை நனைத்தாள். ஸ்ரீகாந்த் பேச்சை நிறுத்தவில்லை, கை மட்டும் தானாக உயர்ந்து குழந்தையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தது. பிடித்த கை வழுக்கியது.

இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் பாய்ந்தார்கள். கால் பக்கம் ராஜசேகரன் பிடித்தார், தலைப் பக்கம் தினேஷ் பிடித்தார்.

“தலையத் தாங்குடா தினேசு,” என்றார் ராஜசேகரன். “இந்தாளு கொயந்தயக் கீய போட்டுருவான் போல கீது.”

“தாங்கிட்டேண்ணா. நீ மொதல்ல உக்காரு. உன் மடிலயே வச்சிக்க, நான் இப்டியே புடிச்சிக்கறேன்.”

“ரெண்டு காதுக்குமா?”

“ரெண்டுக்குந்தான். யாரு அத்த இத்தன தபா தூக்கி மாத்திக்கினு இருக்கறது?”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது இருவருக்கும் தெரிந்தது. மண்டபத்துக்கும் தெரிந்தது. நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். பத்தர் யாருக்கும் காத்திருக்காமல் இரண்டு காதையும் குத்தி முடித்தார். தாட்சாயிணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாலு வருடத்து அழுகை, நடுவில் நிறுத்த முடியவில்லை, அவள் நிறுத்தப் பார்க்கவும் இல்லை.

ஸ்ரீகாந்த் ஈரப் பேண்ட்டோடு ஒரு தூண் ஓரமாக நின்று, “இந்த இணைப்பு மகிமையால் வந்தது. இனிமேல் சம வட்டத்துக்கு அவசியமே இல்லை என்பதற்கு இதைவிட…” என்று கேமராவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கேமராக்காரர் பாதியில் சாப்பிடப் போய்விட்டிருந்தார்.

பந்தி முடிந்து அவர் புறப்படும்போது அண்ணனும் தம்பியும் வாசல் வரைக்கும் வந்தார்கள். பேனரின் நடுவில் வானம் தெரிந்தது. ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள, தேங்காய் வெட்டும் கத்தியால் மற்றவர் அந்தப் பெரிய முகத்தை அறுத்திருந்தார். மேல் பாதியை அண்ணன், கீழ்ப் பாதியைத் தம்பி. ஓரத்து எழுபத்திரண்டு முகங்களில் ஒன்றுக்கும் கீறல் இல்லை.

ராஜசேகரன் தாம்பூலப் பையை மரியாதையோடு நீட்டினார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், அதோடு கயிறு கட்டிச் சுருட்டிய ஏழடி பேனர் துணி.

“உங்க மூஞ்சி சார்,” என்றார் தினேஷ். “எங்கூட்ல மாட்ட எடம் இல்ல. எடுத்துனு போங்க.”